முகத்தில் விழுந்த வெளிச்சம்: மாராவில் ஒரு சிவிங்கியின் வேட்டை கெட்ட கதை

பருவம் முடிந்து முகாமை மூடுவதற்கு முன்னால், அந்த ஆண்டு நடந்தவற்றில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்து எழுதி வைப்பது எங்களுக்குள் ஒரு பழக்கம். யானை வண்டியை நோக்கிப் பாய்ந்தது, சேற்றில் சக்கரம் மாட்டி இரவு ஒன்பது மணிக்கு முகாம் வந்து சேர்ந்தது மாதிரியான கதைகள்தான் பெரும்பாலும் வரும். நான் எடுத்துக்கொண்டதில் அப்படி எதுவும் இல்லை. யாருக்கும் காயம் இல்லை. எந்த விதியையும் நாங்கள் மீறவில்லை. விருந்தினர்கள் நல்ல படங்களோடு திரும்பினார்கள். ஆனாலும் அன்று காலை தவறு நடந்தது. செய்தது நான்.

இடம் கென்யாவின் மாசாய் மாரா. 1961-ல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, இப்போது சுமார் 1,510 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் புல்வெளி. மாரா ஆற்றுக்கு மேற்கே உள்ள முக்கோணப் பகுதியை 2001 முதல் ஒரு தனி அமைப்பு நடத்துகிறது. கிழக்கே உள்ள பெரும்பகுதி நாரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில். இதைச் சுற்றி வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் குடும்பங்களின் சொந்த நிலங்கள். அவற்றை ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் இடங்களைக் கன்சர்வன்சி என்பார்கள். எங்கள் முகாம் அப்படி ஒன்றில்தான் இருக்கிறது. லாட்ஜ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் லாட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டாம். கித்தான் கூடாரங்கள், இரவில் போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பை, இருட்டிய பிறகு கூடாரத்துக்குப் போக ஈட்டியோடு ஒரு காவலர் துணை.

நான் வண்டி ஓட்டுபவன் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் குழுக்களோடு முன் இருக்கையில் உட்கார்ந்து, பார்ப்பதை விளக்குவது என் வேலை. வண்டியை ஓட்டுபவரும் உண்மையான வழிகாட்டியும் ஒரு மாசாய்க்காரர். முகாமில் எல்லோரும் அவரை ‘ம்ஸே’ என்றே கூப்பிடுவார்கள். சுவாஹிலியில் பெரியவர் என்று பொருள். கென்ய வழிகாட்டிகள் சங்கம் நடத்தும் தேர்வில் வெண்கலம் தாண்டி வெள்ளி வரை தேறியவர். ஒரு பறவை எந்தப் புதரில் எந்தப் பக்கம் உட்காரும் என்பதை அது உட்காரும் முன்பே சொல்லுவார். அதை எப்படிச் சொல்கிறார் என்று நான் கேட்டு, அவர் விளக்கி, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று வண்டியில் ஐந்து பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி, அவர்களின் மகள், பதினொரு வயதுப் பேத்தி. ஐந்தாவது ஆள் சென்னைத் தம்பி ஒருவர், தனியாக வந்தவர், மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு 600 மில்லிமீட்டர் லென்ஸ்.

மேலே போகும் முன் பெயர் விஷயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் சீட்டா எனப்படும் சிவிங்கியை நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் சிறுத்தை என்றுதான் சொல்லுவார்கள். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தைக்கு உடம்பில் பூப் பூவாகக் கட்டங்கள், மரத்தில் ஏறி இரையைத் தொங்கவிடும், இரவு ஆள். சிவிங்கிக்கு ஒற்றை ஒற்றைப் புள்ளி, கண்ணிலிருந்து வாய் வரை மை வழிந்தது போலக் கறுப்புக் கோடு, பகல் ஆள். ஒட்டகச்சிவிங்கி என்ற பெயரே ஒட்டகத்தின் உயரமும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்து வந்ததுதான் என்று சொன்னால், “அட, ஆமாம்ல!” என்று வண்டியே சிரிக்கும். ஒவ்வொரு குழுவிலும் இது எனக்குக் கைகொடுக்கும் ஒரு நகைச்சுவை. நம் நாட்டில் சிவிங்கி அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவில் விட்டார்கள். பெயர் மட்டும் இடையில் எழுபது ஆண்டுகள் வாயில்லாமல் கிடந்தது.

சரி, அன்று காலை.

நேரப்படி

5.50-க்குக் கிளம்பினோம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேலே உள்ள இடம், செப்டம்பர் விடியலில் பல் கிட்டும். கோயம்புத்தூர்த் தம்பதியில் அந்த அம்மா மப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மார்கழிக் கோலம் போட வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காப்பகத்தின் வாசலில் நுழைவுச் சீட்டைக் காட்டி உள்ளே போனபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சீட்டும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான். 2024 முதல், வயது வந்த வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். ஆண்டின் முதல் பாதியில் 100. பன்னிரண்டு மணி நேரம்தான் செல்லும். ஒரு தம்பதி காலை ஆறு மணிக்கு உள்ளே வந்தால், வண்டிச் செலவு, தங்கும் செலவு எல்லாம் தனி, நுழைவுக்கு மட்டும் 400 டாலர் ஓடத் தொடங்கிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் காலை எட்டு மணி வரை பெரிய விலங்கு எதுவும் கண்ணில் படாவிட்டால், பின் இருக்கையில் ஒரு மௌனம் உருவாகும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களின் மௌனம் போன்றது அது.

6.52-க்கு ம்ஸே வண்டியை நிறுத்தினார். “டூமா.” சிவிங்கி. எனக்கு எதுவும் தெரியவில்லை. பைனாகுலரில் ஒரு கரையான் புற்று தெரிந்தது. புற்றின் உச்சி மட்டும் கொஞ்சம் கூராக இருந்தது. அந்தக் கூர் தலையைத் திருப்பியது.

பெண் சிவிங்கி, இரண்டு குட்டிகள். குட்டிகளுக்கு நாலைந்து மாதம் இருக்கும். பிடரியில் சாம்பல் நிற மயிர் இன்னும் சிலிர்த்து நின்றது. பிறந்து சில மாதம் வரை முதுகு முழுக்க இருக்கும் இந்தச் சாம்பல் போர்வை, வளர வளரத் தேய்ந்து பிடரியோடு நின்றுவிடும். தாய் கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த பக்கம் சுமார் முந்நூறு மீட்டர் தள்ளித் தாம்சன் கெஸல்கள், வழிகாட்டிகள் வாயில் ‘டாமி’. ஆட்டுக்குட்டி அளவு மான், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, ஓயாமல் ஆடும் வால். ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தது.

அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், நடந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேற்கே புற்று. கிழக்கே மான்கள். இரண்டுக்கும் நடுவில் தெற்கு வடக்காக ஒரு வண்டித் தடம். நாங்கள் தெற்கே, புற்றுக்குப் பக்கவாட்டில், நாற்பது மீட்டர் தள்ளி. எஞ்சின் அணைத்தாயிற்று. ஏழு மணிக்குள் இன்னும் நான்கு வண்டிகள் வந்து எங்கள் பின்னாலும் பக்கத்திலும் நின்றன. மொத்தம் ஐந்து. ஓரிடத்தில் ஐந்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. ஆறாவது வண்டி ஒன்று தூரத்தில் ஒழுங்காகக் காத்து நின்றதையும் பார்த்தேன்.

7.08. சூரியன் மரங்களுக்கு மேலே ஏறிவிட்டது. சென்னைத் தம்பி மெதுவாகச் சொன்னார்: “அண்ணா, இங்கருந்து சைடுதான் கிடைக்குது. முன்னாடி அந்தத் தடத்துல போய் நின்னா முகத்துல நேரா வெளிச்சம் விழும். ரெண்டே நிமிஷம்.”

அவர் சொன்னது ஒளிப்படக்காரராகச் சரி. சிவிங்கி கிழக்கே பார்க்கிறது. சூரியன் கிழக்கே. முகத்தில் பொன் வெளிச்சம், கண்ணில் ஒரு மின்னல். அதை நேருக்கு நேர் எடுக்க வேண்டுமானால் வண்டி அதற்குக் கிழக்கே நிற்க வேண்டும். அதாவது அதற்கும் மானுக்கும் நடுவில்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். பல ஆண்டுகளாக இதே வெளியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முந்தைய நாள் முழுக்கச் சிங்கங்கள் தூங்கியதைத்தான் பார்த்தோம். இந்தத் தம்பி இந்தப் பயணத்துக்காக மூன்று வருடம் பணம் சேர்த்தவர். தாய் இன்னும் எழுந்திருக்கவில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள். இப்படி மூன்று நான்கு காரணங்கள் ஒரு நொடியில் வரிசை கட்டி வந்து நின்றன. தடத்தில்தானே போகிறோம், புல்லில் இறங்கவில்லையே என்பது கடைசிக் காரணம். அதுதான் என்னைச் சாய்த்தது.

ம்ஸே என் முகத்தைப் பார்த்தார். கை சாவியில் இருந்தது. “ஸாவா?” சரிதானா என்று கேட்டார். “ட்வெண்டே,” போகலாம் என்றேன். அவர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். அப்புறம் சாவியைத் திருப்பினார்.

7.10-க்குத் தடத்தில், சிவிங்கிக்கு நேர் எதிரே, அறுபது மீட்டரில் நின்றோம். வெளிச்சம் அந்தத் தம்பி சொன்னது போலவே இருந்தது. கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடியது.

நாங்கள் நகர்ந்ததைப் பார்த்து மற்ற வண்டிகளும் நகர்ந்தன. இதைத்தான் நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஒரு வண்டி முன்னால் போனால், பின்னால் நிற்கும் வண்டியில் உள்ளவர் தன் ஓட்டுநரின் தோளைத் தட்டுவார். மூன்று நிமிடத்தில் தடத்தில் நான்கு வண்டிகள், இரண்டு லேண்ட்குரூசர், கூரை தூக்கிய இரண்டு வேன்கள், வேலி போட்டது மாதிரி.

7.14-க்கு அவள் எழுந்தாள். புற்றிலிருந்து இறங்கித் தலையைத் தோள் மட்டத்துக்குத் தாழ்த்தி, புல்லோடு புல்லாக நடந்தாள். வண்டியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தடத்துக்கு இருபது மீட்டர் முன்னால் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலை கடக்கும் குழந்தைகள் மாதிரி. எங்கள் வண்டிக்கும் பின்னால் நின்ற வேனுக்கும் நடுவில் நாலு மீட்டர் இடைவெளி இருந்தது. அதில் நுழைந்து கடந்தாள். கடக்கும்போது பதுங்க முடியாது, நிமிர்ந்துதான் வர வேண்டியிருந்தது. அந்த இரண்டு நொடி போதும். தனியாக மேய்ந்த டாமி தலையைத் தூக்கிவிட்டது. முன்னங்காலைத் தரையில் உதைத்தது. கூட்டம் முழுவதும் இவளைப் பார்த்து நின்றது. பார்த்துவிட்ட மானைத் துரத்துவது சிவிங்கிக்கு வீண். அவளுக்குக் கையில் இருப்பது சில நூறு மீட்டர் ஓட்டம், அரை நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு இரை பார்க்காதபோதே நெருங்கி இருக்க வேண்டும்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கதை அங்கே முடிந்திருந்தால் ஒரு வேட்டை தப்பியது என்று போயிருக்கும். பல துரத்தல்கள் எப்படியும் தோற்பவைதான்.

“தம்பி, இது என்ன குருவி சத்தம்?” என்று கேட்டது அந்த அம்மாதான். எங்கள் எல்லோர் கண்ணும் கிழக்கே தாயின் மேல் இருந்தது. அவர் மட்டும் கேமரா எதுவும் இல்லாமல், மப்ளரைக் காதிலிருந்து விலக்கி மேற்குப் பக்கம் திரும்பியிருந்தார். மெல்லிய, கூர்மையான ‘ச்சீப்... ச்சீப்...’. நிஜமாகவே பறவைக் குரல்தான். சிவிங்கியால் சிங்கம் போலக் கர்ஜிக்க முடியாது. குட்டியும் தாயும் ஒன்றையொன்று கூப்பிடுவது இப்படித்தான்.

ஒரு குட்டி தாயோடு தடத்தைத் தாண்டியிருந்தது. இன்னொன்று தாண்டவில்லை. அது வரும் நேரத்தில், சிவிங்கி உட்கார்ந்ததைச் சரியாகப் பார்க்க ஒரு வேன் அரை வண்டி நீளம் முன்னால் வந்து அந்த நாலு மீட்டரை மூடிவிட்டது. குட்டி சக்கரத்துக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் படுத்து, வாயைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் கீழ்த்தாடை நடுங்குவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொரு எஞ்சின் உறுமலுக்கும் தலையைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டது.

பேத்தி அழத் தொடங்கினாள். “அங்கிள், வண்டிய எடுக்கச் சொல்லுங்க.” எடுக்கவும் முடியாது. நாங்கள் எடுத்தால் அந்தச் சத்தத்தில் குட்டி எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. ம்ஸே ரேடியோவில் மற்ற ஓட்டுநர்களிடம் சுவாஹிலியில் பேசினார். குரல் உயரவில்லை. “எஞ்சின் அணையுங்கள். கடைசி வண்டி மட்டும் பின்னால் போகட்டும், பிறகு அதற்கு முன்னால் நிற்பது.” ஒன்றன் பின் ஒன்றாகத் தெற்கு நுனியிலிருந்து வண்டிகள் கழன்றன. 7.29-க்குத் தாய் திரும்பி வந்தாள். எங்கள் பானெட்டைச் சுற்றி, நாய்க்குட்டியை நக்குவது மாதிரி அந்தக் குட்டியின் முகத்தை நக்கினாள். மூன்றும் மேற்கே, வந்த வழியே, குரோட்டன் புதர்களை நோக்கிப் போயின.

சென்னைத் தம்பியின் கேமரா அந்தப் பதினைந்து நிமிடமும் கீழேதான் இருந்தது. அதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

என்ன போயிற்று

ஒரு டாமி போயிற்று, அவ்வளவுதானே என்று கேட்கலாம். முகாமில் ஒருவர் கேட்கவும் செய்தார்.

சிவிங்கி பகலில் வேட்டையாடுவது ஆசைப்பட்டு அல்ல. இரவில் சிங்கமும் கழுதைப்புலியும் திரியும். நாற்பது, ஐம்பது கிலோ எடையுள்ள ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு அவற்றோடு மோத முடியாது. காலையில் ஒரு இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு இரண்டு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கிறது. நம் வண்டிகள் வெளியே வரும் நேரமும் அச்சாக அதேதான். அப்புறம், இரை விழுந்தாலும் உடனே தின்ன முடியாது. ஓடிய ஓட்டத்துக்கு மூச்சு வாங்க வேண்டும். அதற்குள் பாறு கழுகுகள் இறங்கினால் கழுதைப்புலிக்கு முகவரி கிடைத்துவிடும். வண்டிகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தே கழுதைப்புலி வருகிறது என்று ம்ஸே சொல்லுவார். நான் அதை ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைதான்.

குட்டிகள் சாவது சிவிங்கிக்குப் புதிதல்ல. தான்சானியாவின் செரெங்கெட்டியில் காரென் லாரன்சன் செய்த ஆய்வில், பிறந்த குட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூடத் தனித்து வாழும் வயதை எட்டவில்லை. பெரும்பாலும் சிங்கத்தின் வேலை. அங்கே வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாராவிலேயே 2013 முதல் 2017 வரை சேர்த்த தகவல்களை வைத்து ஃபெம்கே புரூக்ஹஸ் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஒரு பெண் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை ஆளாக்கியது. வண்டிகள் மிகுந்த பகுதியில் 0.2. அதாவது ஐந்து தாய்கள் சேர்ந்து ஒரு குட்டி. இதைப் படித்த அன்று நான் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், புள்ளி இடம் மாறி அச்சாகிவிட்டதோ என்று. வண்டி ஏறிக் குட்டி செத்தது என்பதல்ல அந்த ஆய்வின் பேச்சு. வேட்டை தடைப்படுவது, இரையை விட்டுப் போவது, தாயும் குட்டியும் பிரிவது இவையெல்லாம் சேர்ந்து இப்படி ஆகலாம் என்பதுதான்.

எங்கள் பதினைந்து நிமிடத்தில் முதலாவதும் மூன்றாவதும் நடந்தன.

விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதி வண்டிகளை எண்ணுகிறது, தூரத்தை அளக்கிறது, தடத்தைவிட்டு இறங்காதே என்கிறது. மூன்றையும் நாங்கள் பின்பற்றினோம். விலங்கு எங்கே பார்க்கிறது என்பதை எனக்குத் தெரிந்த எந்த விதியும் கேட்பதில்லை. பின்னால் இருபது மீட்டரில் நிற்கும் ஐந்து வண்டிகளைவிட, முன்னால் அறுபது மீட்டரில் நிற்கும் ஒரே வண்டி அதிகம் கெடுக்கும். இதை விதியாக எழுதினால் எந்த ரேஞ்சரும் நடைமுறைப்படுத்த முடியாது என்பது வேறு விஷயம். அது வண்டிக்குள் இருப்பவனின் வேலை.

கடுங்காப்பியோடு ஒரு பேச்சு

அன்று மத்தியானம் சமையற்கட்டுக்குப் பின்னால் ம்ஸேயோடு உட்கார்ந்தேன். அவருக்குப் பால் தேநீர், எனக்குக் கடுங்காப்பி. “நீங்கள் ஏன் முடியாது என்று சொல்லவில்லை?” என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் கேள்வி நியாயமில்லை என்று தெரிந்தது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “கண்ணாடியில் எனக்கு ஐந்து முகம் தெரியும். அந்த ஐந்துக்கும் நான் பதில் சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் இருக்கும் ஆறாவது முகம் போ என்றால் நான் என்ன செய்ய?”

முகாமில் ஓட்டுநருக்கு வரும் வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. விருந்தினர் கிளம்பும்போது நிரப்பும் தாளில் அவர் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். பக்கத்து முகாமின் வண்டி நெருங்கிப் போய், இவர் தள்ளி நின்றால், அன்று இரவு தீமூட்டத்தைச் சுற்றி உட்காரும்போது படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த நிலையில் முடியாது என்று சொல்லும் வலு அவரைவிட எனக்குத்தான் அதிகம். விருந்தினரின் மொழி என்னுடையது. அவர்களைக் கோபப்படாமல் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வைக்க என்னால் முடியும், அவரால் ஆங்கிலத்தில் அது கஷ்டம். அந்த வலுவை நான் எதிர்ப்பக்கம் பயன்படுத்தினேன்.

அன்று மாலையே ஒரு மாற்றம் செய்தோம். பெரிய கொள்கை எல்லாம் இல்லை. வண்டி எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்பதில் ம்ஸேயின் சொல் மட்டும்தான். நான் உட்பட யாரும் கேட்கலாம், முடிவு அவருடையது. இதை நான் முதல் நாள் இரவே, சாப்பாட்டு மேசையில், தமிழில் சொல்லிவிட வேண்டும். காலையில், சிவிங்கி எதிரே நிற்கும்போது சொன்னால் அது மறுப்பாகக் கேட்கும். முதல் நாள் இரவு உகாளியைப் பார்த்து “இது நம்ம ஊர் களி மாதிரி இருக்கே” என்று சிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் வழக்கமாகக் கேட்கும். இதில் ஒரு தந்திரம் இருப்பது உண்மைதான். இருக்கட்டும்.

கழுதைப்புலி வீட்டில்

அடுத்த நாள் காப்பகத்துக்குள் போகவில்லை. எங்கள் கன்சர்வன்சியிலேயே ஒரு கழுதைப்புலி வளைக்குப் போனோம். பெயரைக் கேட்டதும் வண்டியில் முகங்கள் சுருங்கின. பாவம், தமிழில் அதற்கு வாய்த்த பெயரே ஒரு திட்டு மாதிரி இருக்கிறது.

குத்தகை நிலத்தில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. அன்று வளையருகே எங்கள் வண்டி மட்டும்தான். நாற்பது மீட்டரில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பத்து நிமிடம் வெறும் மண்மேடு. பிறகு ஒரு கறுப்புத் தலை. கழுதைப்புலிக் குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்டக் கறுப்பு, கண் திறந்தே பிறக்கும். புள்ளி எல்லாம் பின்னால் வருவது. இன்னொரு தலை. மொத்தம் நான்கு.

நாங்கள் போகவில்லை, அவை வந்தன. ஒரு குட்டி நேராக முன்சக்கரத்துக்கு வந்து மோந்து பார்த்து, சேறு தடுக்கும் ரப்பர் தட்டைக் கவ்வி இழுக்கத் தொடங்கியது. வண்டிக்குள் அந்த ‘கிர்ர்... கிர்ர்...’ இழுப்பு இருக்கை வழியாகத் தெரிந்தது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாத்தா, வங்கியில் முப்பது வருடம் கடன் கணக்குப் பார்த்தவர், “ரப்பருக்கு யார் காசு தர்றது?” என்று மெதுவாகக் கேட்டார். ம்ஸேக்கு மொழிபெயர்த்தேன். அவர் பின்பக்கத்தைக் காட்டினார். பின்சக்கரத்தில் தட்டு ஏற்கெனவே இல்லை.

பெரியது ஒன்று வந்து படுத்தது. மற்றவை அதற்கு வழிவிட்டன. பெண் என்றேன். இந்தக் கூட்டத்தில் பெண்தான் மேலே, மிகப் பெரிய ஆணும் அவளுக்குக் கீழேதான் என்றதும் அந்த அம்மா பைனாகுலரைக் கணவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதன்பின் திருப்பித் தரவில்லை. புள்ளிக் கழுதைப்புலி தின்பதில் பெரும்பங்கு அதுவே வேட்டையாடியது, சிங்கம்தான் பல தடவை அதனிடமிருந்து பறிக்கும் என்று சொன்னபோது, “அப்ப இத்தன நாள் ஏன் திருடன்னு சொன்னாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். வண்டி ஒருமுறைகூட நகரவில்லை. சென்னைத் தம்பிக்கு 600 மில்லிமீட்டர் லென்ஸ் அங்கே பயன்படவில்லை, குட்டி அவ்வளவு பக்கம். கைபேசியில் எடுத்தார்.

மீதம் உள்ளவை

அந்தக் குழு கிளம்பும்போது தாள்களை நிரப்பினார்கள். நால்வரும் ஐந்து நட்சத்திரம். சென்னைத் தம்பி நான்கு. காரணம் எழுதும் இடத்தில், சிவிங்கி வேட்டையைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். எழுதிவிட்டு, தாளை என்னிடம் தரும்போது, “உண்மைய எழுதிட்டேன்ணா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். 7.12-க்கு எடுத்த படத்தைப் பிறகு எனக்கு அனுப்பினார். நல்ல படம். முகத்தில் வெளிச்சம் அப்படியே பொன்னாக விழுகிறது. அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால், பாவையில் சின்னதாக ஒரு சதுரம் தெரிகிறது. எங்கள் வண்டி.

மூன்று வாரம் கழித்து அதே பெண்ணை ஆற்றின் வளைவுக்குப் பக்கத்தில் பார்த்தோம். இடது தொடையில் உள்ள புள்ளிகளின் வரிசையை வைத்து ம்ஸே உறுதி செய்தார். கூட ஒரு குட்டிதான் இருந்தது. சிங்கமாக இருக்கலாம், கழுதைப்புலியாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். அந்தக் காலையோடு இதைச் சேர்த்து எழுதக் கூடாது என்று ம்ஸே சொன்னார். நான் சேர்க்கவில்லை. குறிப்பேட்டில் இரண்டு தேதிகளும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கின்றன.

அன்று அவள் ஒரு சாய்ந்த மரத்தடியில் படுத்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் புதுக் குழு. நாங்கள் கிழக்கே, அவளுக்கு முதுகுப் பக்கம், வெயில் எதிரே அடிக்க நின்றோம். “இன்னும் கொஞ்சம் முன்னாடி போகலாமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் ம்ஸேயைப் பார்த்தேன். அவர் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.